பாட்டிலில் தழைக்கும், தொட்டியில் அழுகும்

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ நாலு வீடு ஏறி இறங்கினால் ஒரு வீட்டிலாவது பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணிபிளான்ட் நிற்கும். மண் கிடையாது, உரம் கிடையாது. வேர் இரவும் பகலும் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிறது. ஆனாலும் அழுகுவதில்லை, அவ்வப்போது புது இலை விட்டுக்கொண்டிருக்கிறது. அதே கொடியில் இன்னொரு துண்டை வெட்டி, அழகான தொட்டியில் மண் நிரப்பி நட்டு, வரவேற்பறை மூலையில் வைத்து, தினம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். சில மாதங்களில் இலை மஞ்சளாகிறது, தண்டு கறுத்துக் குழைகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் அழுகல் நாற்றம். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: தண்ணீர் கூடிப்போயிற்று.

பாட்டிலில் இருப்பதைவிடவா கூடிப்போயிற்று?

வீட்டுக்குள் முதன்முதலாகச் செடி வளர்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. எந்தச் செடியை வாங்குவது என்ற பட்டியலை அதற்குப் பிறகு பார்க்கலாம். ‘பராமரிப்பே தேவையில்லாத செடி’ என்று நர்சரிகளில் சொல்லி விற்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அப்படிச் சொல்லப்படும் செடிகளுக்கும் தேவைகள் உண்டு. அவை நம் வீட்டில் இருக்கும் நிலைமையோடு ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான்.

வேரும் மூச்சு விடும்

இலையில் பச்சையம் இருக்கிறது. அது வெளிச்சத்தைப் பிடித்து, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் தண்ணீரையும் கொண்டு சர்க்கரை செய்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் வேருக்கு அந்த வசதி இல்லை. மேலிருந்து இலை அனுப்பும் சர்க்கரையை எரித்துத்தான் அது வளரவும் வேண்டும், தண்ணீரையும் உப்புகளையும் உறிஞ்சவும் வேண்டும். எரிக்க ஆக்சிஜன் தேவை. வேர் அதைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

நல்ல மண்ணைப் பிடித்துப் பார்த்தால் துகள்களுக்கு நடுவே இடைவெளிகள் இருக்கும். தண்ணீர் ஊற்றியதும் அவை நிரம்பும். பெரிய இடைவெளிகளிலுள்ள நீர் சிறிது நேரத்தில் வடிந்துபோய், அந்த இடத்தில் காற்று வந்து உட்காரும். சிறிய இடைவெளிகளில் நீர் தங்கும். செடிக்கு இரண்டும் வேண்டும். தினமும் சொம்பு சொம்பாக ஊற்றினால் எல்லா இடைவெளியும் நீராகவே இருக்கும்.

நீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்குமே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. நம் ஊர் வெப்பநிலையான 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். அந்தச் சொற்பமும் வேருக்குச் சீக்கிரம் வந்து சேராது, ஏனென்றால் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இதற்கிடையில் மண்ணில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளும் மட்கிய இலை தழைகளைத் தின்று அதே ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. வேர் நுனிகள் முதலில் சாகின்றன. செத்த வேரைப் பித்தியம் போன்ற, ஈரத்தில் நீந்திப் பரவும் நுண்ணுயிரிகள் பிடித்துக்கொள்கின்றன. நாம் முகரும் நாற்றம் அங்கிருந்து வருவது.

பாட்டிலில் நிலைமை வேறு. அதில் மட்கும் பொருள் கிடையாது, ஆகவே ஆக்சிஜனுக்குப் போட்டியும் அநேகமாக இல்லை. தண்ணீரின் மேற்பரப்பு காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, கழுத்துப் பகுதியில் வேரின் ஒரு துண்டு காற்றிலேயே நிற்கிறது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் புதிய ஆக்சிஜனும் சேர்கிறது. இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. பல செடிகளில், தண்ணீருக்குள்ளேயே முளைத்து வளரும் வேர், மண்ணில் வளரும் வேரைப் போன்றதல்ல. அதன் உட்புறத்தில் காற்று ஓடும் வெற்றிடங்கள் உருவாகின்றன. இதைக் காற்றறைத் திசு என்று சொல்லலாம். மேலிருந்து வரும் காற்று அந்த அறைகள் வழியே வேரின் நுனிவரை இறங்குகிறது.

நாஞ்சில் நாட்டில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. வாரக்கணக்கில் தண்ணீர் கட்டி நிற்கும் வயற்சேற்றில் நெல் அழுகாமல் நிற்பது இந்தக் காற்றறைகளால்தான். அதே வயலில் தக்காளியை நட்டுத் தண்ணீர் கட்டிப் பாருங்கள், சில நாட்களுக்குள் தலை சாய்ந்துவிடும்.

பாட்டிலில் பழகிய கொடியை மண்ணுக்கு மாற்றும்போது சில வாரம் தொய்ந்து நிற்பதற்கும் காரணம் இதுதான். தண்ணீருக்கென்று உருவான வேரில், மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் குறைவு. மண்ணுக்கேற்ற புது வேர் விடும்வரை அது சிரமப்படும்.

ஈர மண்ணில் வாடினால்

செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போதே செடி தாகத்தில் வாடுகிறது. இலை தொங்குவதைப் பார்த்ததும் நம் கை சொம்பைத்தான் தேடும். ஊற்றுகிறோம், மிச்சமிருக்கும் வேரும் போகிறது. வீட்டுச் செடிகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன, அதுவும் அக்கறையான வீடுகளில். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள், செடி முன்பைவிடத் தெளிந்து நிற்பதைக் கண்டு வியப்பதுண்டு. அந்தப் பத்து நாளில் வேருக்கு மூச்சு வந்திருக்கிறது.

இலை வாடியிருந்தால் முதலில் விரலை இரண்டாவது கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கண் நம்மை ஏமாற்றுகிறது

ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. முற்றத்தில் இருக்கும் செடிக்கும் தினம் ஒரு சொம்புதான் ஊற்றுகிறோம். அது ஏன் அழுகவில்லை? இதற்குப் பதில் மண்ணில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். கண்ணைக் கூசும் வெயிலிலிருந்து தாழ்ந்த கூரைக்குள் நுழைந்ததும் முதலில் ஒன்றும் தெரியாது. சில நிமிடங்களில் தூண், உத்தரம், மரச்செதுக்கு, பளபளக்கும் கருந்தரை எல்லாம் துலக்கமாகத் தெரியத் தொடங்கும். உள்ளே வெளிச்சம் கூடவில்லை, கண் தன்னைத் திருத்திக்கொண்டது. வெளிச்சம் நூறு மடங்கு குறைந்தாலும் ‘கொஞ்சம் மங்கல்’ என்று மட்டுமே நமக்குத் தோன்றும்படி கண் அமைந்திருக்கிறது.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சிவெயிலில் வெட்டவெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே 10,000-ஐ ஒட்டி இருக்கலாம். நல்ல சன்னலுக்கு அருகே, நேர்வெயில் விழாத இடத்தில், 1,000 முதல் 3,000 வரை. அறையின் நடுவே வந்தால் 200 அல்லது 300. நாம் ஆசையாகத் தொட்டியை வைக்கும் சோபா மூலையில் 50 இருந்தாலே அதிகம். தாழ்வாரம் இறங்கிய பழைய ஓட்டு வீடுகளில் அதுவும் குறையும். வெயிலைத் தடுக்கவும் சாரலைத் தடுக்கவும் கட்டிய வீடுகள் அவை, செடிக்காகக் கட்டியவை அல்ல. அந்த வீடுகளில் செடிக்கு ஏற்ற இடம் படிப்புரைதான்.

கருவி இல்லாமல் அளக்க ஒரு வழி உண்டு. நண்பகலில் செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடியுங்கள். நிழலின் ஓரம் தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம். நிழல் மங்கலாகப் பரவித் தெரிந்தால் நடுத்தரம். நிழலே தெரியவில்லை என்றால் அந்த இடம் செடிக்கு இருட்டு, நீங்கள் அங்கே உட்கார்ந்து செய்தித்தாள் வாசிக்க முடிந்தாலும்கூட.

ஒரு மணிபிளான்டின் வரவு செலவு

செடியை ஒரு குடும்பமாக எண்ணிக்கொள்ளலாம். சர்க்கரைதான் அதன் காசு. இலை பகலில் மட்டும் சம்பாதிக்கிறது. ஆனால் இலை, தண்டு, வேர் எல்லாம் மூச்சு விட்டு உயிரோடிருக்க இருபத்து நான்கு மணி நேரமும் செலவு ஆகிறது. கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, ஆய்வகத்தில் அளந்தவை அல்ல. ஆனால் கணக்கின் போக்கு உண்மையானது.

நம் மணிபிளான்டுக்கு மணிக்கு 1 காசு செலவு என்போம். ஒரு நாளைக்கு 24 காசு. சன்னலோரத்தில் வைத்தால் மணிக்கு 4 காசு சம்பாதிக்கிறது. பயன்படும் வெளிச்சம் 10 மணி நேரம் என்றால் வரவு 40. செலவு போக மிச்சம் 16. அந்த மிச்சத்தில்தான் புது இலை வருகிறது.

அதே தொட்டியைச் சன்னலிலிருந்து மூன்று நான்கு எட்டு உள்ளே தள்ளுங்கள். வெளிச்சம் கால்பங்கு ஆகிறது. குறைந்த வெளிச்சத்தில் இலையின் சம்பாத்தியம் ஏறக்குறைய வெளிச்சத்தின் அளவிலேயே போகும். ஆகவே மணிக்கு 1 காசு, நாளுக்கு 10. செலவோ 24. தினம் 14 காசு கடன். தண்டில் சேமித்துவைத்த மாவுச்சத்தை எடுத்துச் செடி சமாளிக்கிறது. பிறகு அடியிலுள்ள பழைய இலையை மஞ்சளாக்கி, அதிலுள்ள சத்தை உறிஞ்சிக்கொண்டு உதிர்க்கிறது. செலவைக் குறைக்க ஆளைக் குறைப்பதுதான் இது. நர்சரியிலிருந்து வந்த செடி முதல் மாதத்தில் நாலைந்து இலை கொட்டுவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கால்தான். அங்கே நிழல்வலைக்கடியில் நல்ல வெளிச்சத்தில் வளர்ந்தது, இங்கே புதிய வருமானத்துக்கு ஏற்றபடி குடும்பத்தைச் சுருக்குகிறது. பயந்து உரம் போடாதீர்கள். உரத்தால் சர்க்கரை வராது.

இரண்டு இடங்களுக்கும் நடுவே எங்கோ, வரவும் செலவும் சரியாகப் பொருந்தும் ஓர் இடம் இருக்கும். அங்கே செடி வளராது, சாகவும் செய்யாது. அந்த அளவு வெளிச்சத்தைச் சமன் ஒளி என்போம். ஒரு செடி வீட்டுக்குள் வாழுமா வாழாதா என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒற்றை அளவுதான்.

இப்போது தோவாளையிலிருந்து ஒரு பிச்சிக் கொடியைக் கொண்டுவருவோம். வெட்டவெளி வெயிலில் வாழப் பிறந்த செடி அது. அதன் இலை தடிப்பானது, உள்ளே சர்க்கரை செய்யும் சாதனங்கள் ஏராளம், அவற்றைப் பராமரிக்கும் செலவும் ஏராளம். மணிக்கு 3 காசு என்று வைத்தால் நாளுக்கு 72. சன்னலோரத்தில் அதற்கும் மணிபிளான்டைப் போலவே 40 காசுதான் கிடைக்கும், ஏனென்றால் விழும் வெளிச்சமே அவ்வளவுதான். தினம் 32 காசு நட்டம். தோட்டத்தில் வெயில் அடிக்கும்போது அது மணிக்கு 20 காசு சம்பாதித்து 200 காசு சேர்த்து, செலவு போக 128 காசைப் பூவில் கொட்டும். மணிபிளான்டை அதே வெயிலில் வைத்தால் அதற்கு 200 வராது. மணிக்கு 6 காசுக்கு மேல் சம்பாதிக்க அதன் இலையில் சாதனம் இல்லை. மிஞ்சிய வெளிச்சம் பச்சையத்தைக் கெடுத்து, இலையை வெளிறச் செய்கிறது.

ஆகவே ‘எளிதில் வளரும் செடி’ என்பது பலசாலிச் செடி அல்ல. செலவு குறைந்த செடி. அதனால்தான் அது மெதுவாக வளர்கிறது. மூலையில் வைத்த செடி ஏன் வளரவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள், வேகமாக வளரும் செடி அந்த மூலையில் உயிரோடே இருக்காது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இலையில் வெள்ளைத் திட்டு அதிகமுள்ள வகைகளுக்கும் இதே கணக்கு. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. அது செலவு செய்யும், சம்பாதிக்காது. அப்படிப்பட்ட செடியைச் சன்னலருகே வையுங்கள், முழுப்பச்சையைச் சற்று உள்ளே வைக்கலாம்.

தாகம் வெளிச்சத்தைப் பொறுத்தது

கரியமில வாயு இலைக்குள் நுழைவதற்கு இலைத்துளைகள் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே ஓடும். பெரும்பாலான செடிகளில் ஒரு கரியமில வாயு மூலக்கூறை உள்ளே வாங்குவதற்குச் சுமார் 400 நீர் மூலக்கூறுகளை இழக்க வேண்டியிருக்கிறது. கேட்கவே அநியாயமாக இருக்கும் பண்டமாற்று இது. வேரிலிருந்து ஏறும் தண்ணீரில் மிகப்பெரும் பகுதி இப்படி ஆவியாகத்தான் போகிறது.

வெளிச்சம் குறைந்த இடத்தில் இலைக்குக் கரியமில வாயு அதிகம் தேவைப்படாது. துளைகள் சிறிதளவே திறக்கும். வெயில் சூடும் இல்லாததால் ஆவியாவதும் குறையும். மேலே பார்த்த கணக்கில் மூலைச் செடியின் சம்பாத்தியம் சன்னல் செடியின் கால்பங்கு. இலை வழியாகப் போகும் தண்ணீரை மட்டும் பார்த்தால் அதுவும் ஏறக்குறைய கால்பங்காகத்தான் இருக்கும். சன்னல் தொட்டி ஒரு வாரத்தில் குடிப்பதை மூலைத் தொட்டி குடிக்க ஒரு மாதம் ஆகலாம். நாமோ இரண்டுக்கும் ஒரே சொம்பு ஊற்றுகிறோம்.

முற்றத்துச் செடி அழுகாததற்குக் காரணம் இதுதான். ஊற்றியதை மாலைக்குள் அது குடித்து முடித்துவிடுகிறது, மண்ணில் காற்று திரும்பி வந்துவிடுகிறது. மூலைத் தொட்டியில் நேற்று ஊற்றியதே அப்படியே நிற்கும்போது இன்றையது சேர்கிறது. ‘வாரம் இரண்டு முறை தண்ணீர்’ என்று தொட்டியில் சீட்டு ஒட்டி விற்கிறார்கள். எந்த இடத்தில், எந்த மாதத்தில் என்று சொல்லாத அந்தச் சீட்டால் பயனில்லை.

கீரிப்பாறையும் ஆரல்வாய்மொழியும்

மாதம் என்று சொல்லக் காரணம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் குலசேகரம் பக்கம் வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் இலையிலிருந்து நீர் ஆவியாவது மிகவும் குறைந்துவிடும். வெளிச்சமும் குறைவு. அந்த நாட்களில் வீட்டுக்குள் இருக்கும் செடிக்குத் தண்ணீரை மறந்துவிடுவதே நல்லது. அதே ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று வறண்டு வீசும். சன்னல் திறந்த வீட்டில் தொட்டி மண் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். ஒரே செடி, ஒரே மாவட்டம், ஒரே மாதம், தண்ணீர்க் கணக்கு மட்டும் வேறு. மாசி, பங்குனியில் இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

ஈரமும் வறட்சியுமான இந்த இரண்டு நிலங்களும் எனக்கு இன்னொரு வகையிலும் உதவுகின்றன. உலகெங்கும் வீட்டுக்குள் பிழைக்கும் செடிகளின் பூர்வீகத்தைப் பார்த்தால், பெரும்பாலானவை இரண்டே வகை நிலங்களிலிருந்து வந்தவை. ஒன்று, மரங்கள் அடர்ந்த மழைக்காட்டின் தரை. மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் அங்கே இறங்கும். கீரிப்பாறைக் காட்டுக்குள் நின்றால் அந்த மங்கல் எப்படியிருக்கும் என்று தெரியும். மணிபிளான்ட், பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவின் மோரேயா என்ற சிறு தீவின் செடி. அக்லோனிமா தென்கிழக்காசியக் காட்டுத்தரையிலிருந்து வந்தது. ஃபிலோடென்ட்ரானும் சிங்கோனியமும் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் கொடிகள். நம் விளைகளில் பலாவையும் மாவையும் பற்றி ஏறும் நல்லமிளகும் இதே நிழல் வாழ்க்கை வாழ்வதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மணிபிளான்டின் நெருங்கிய உறவுக்கொடிகள் மரமேறிக் கிடக்கின்றன.

மற்றொன்று, வறண்ட நிலம். ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதன் உறவுச் செடியான மருள் நம் கிழக்குப் பகுதிப் புதர்நிலங்களுக்குப் பழக்கமானது. அதன் நாரைத் திரித்துக் கயிறாக்கியிருக்கிறார்கள். இசட்-இசட் பிளான்ட் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கைப் போன்ற கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

முதல் வகை மங்கலைத் தாங்கும், ஓரளவு ஈரத்தையும் விரும்பும். இரண்டாம் வகை மறதியைத் தாங்கும், ஈரத்தை மட்டும் தாங்காது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க ஆசைப்படுகிறவர் மணிபிளான்டைப் பாட்டிலில் வைக்கலாம், அல்லது அக்லோனிமா வளர்க்கலாம். அடிக்கடி வெளியூர் போகிறவருக்கு ஸ்நேக் பிளான்டும் இசட்-இசட்டும் ஏற்றவை. துளசியையும் ரோஜாவையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம், அவை வெயிலுக்குரியவை.

இரவில் திறக்கும் துளைகள்

ஸ்நேக் பிளான்ட் தண்ணீரைச் சிக்கனம் பிடிக்கும் முறை தனியானது. வெயில் நேரத்தில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது. அப்போது வாங்கிய கரியமில வாயுவை ஓர் அமிலமாக மாற்றி இலைக்குள் பதுக்கிவைக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, பதுக்கியதை எடுத்துச் சர்க்கரை செய்கிறது. இம்முறையில் வாழும் செடிகளுக்கு ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு 400-க்குப் பதில் சுமார் 50 நீர் மூலக்கூறுகளே செலவாகின்றன. கற்றாழையும் கள்ளியும் அன்னாசியும் இதே வழிக்காரர்கள்.

இதைவைத்துத்தான் ‘இரவில் ஆக்சிஜன் தரும் செடி, படுக்கையறையில் வையுங்கள்’ என்று விற்கிறார்கள். தவறு. ஆக்சிஜன் வெளிவருவது தண்ணீர் மூலக்கூறு பிளக்கப்படும்போது. அதற்கு வெளிச்சம் வேண்டும். இரவில் இந்தச் செடி கரியமில வாயுவை வாங்குகிறது என்பது உண்மை, ஆக்சிஜனைத் தருகிறது என்பது உண்மையல்ல.

காற்றைச் சுத்தமாக்கும் என்ற பெயரும் இப்படித்தான் வந்தது. 1989-இல் அமெரிக்காவின் நாசா, மூடிய சிறு அறைகளுக்குள் செடிகளை வைத்து, பெயின்ட், பசை போன்றவற்றிலிருந்து வரும் நச்சு ஆவிகள் குறைவதைக் காட்டியது. வீடு மூடிய அறை அல்ல, காற்று ஓயாமல் வந்து போகும் இடம். 2019-இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்ட இரு ஆய்வாளர்கள், வீட்டில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று காட்டினார்கள். சன்னலைத் திறந்து வைப்பது சுலபம். செடி பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக வளர்த்தால் போதாதா?

மண்ணும் சல்லியும்

தொட்டியின் அடியில் ஓட்டுத்துண்டோ சல்லியோ ஒரு அடுக்கு போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் செய்கிறோம். இயற்பியல் வேறு சொல்கிறது. மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சல்லியின் பெரிய இடைவெளிகளுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. அதனால் மண்ணிலிருந்து சல்லிக்கு நீர் எளிதில் இறங்காது, எல்லையிலேயே தேங்கும். அடியில் இரண்டு அங்குலம் சல்லி போட்டால் தேங்கும் ஈரம் வேருக்கு இரண்டு அங்குலம் நெருங்கி வருகிறது. அடித்துளையைத் திறந்து வைத்து, அதன்மேல் ஒரே ஒரு ஓட்டுத்துண்டை மண் ஒழுகாமலிருக்க வைத்தால் போதும்.

வடிகால் வேண்டுமென்றால் மண் முழுவதிலும் இடைவெளி வேண்டும். செம்மண், ஆற்று மணல், கோகோபீட் என்று கடையில் விற்கும் தேங்காய் நார்க்கழிவு, கொஞ்சம் தொழுவுரம் கலந்தால் நல்லது. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஆகவே மூலைத் தொட்டிக்கு அதைக் குறைத்து மணலைக் கூட்டுங்கள். உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தும்புக் கழிவாக இருந்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசாமல் போடக் கூடாது. கடல் பக்கத்திலிருக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளுவதும் வேண்டாம். மணவாளக்குறிச்சிக் கரிமணலின் கதிர்வீச்சைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. செடியைக் கொல்வது அதுவல்ல, மணலில் ஒட்டியிருக்கும் உப்பு.

காறும் குடும்பம்

மணிபிளான்டும் அக்லோனிமாவும் ஃபிலோடென்ட்ரானும் சிங்கோனியமும் சேனையும் சேம்பும் ஒரே குடும்பம். சேனையை நறுக்கும்போது கை அரிப்பதும், பதமாக வேகாததைத் தின்றால் தொண்டை காறுவதும் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களால். அதே ஊசிகள் இந்த அலங்காரச் செடிகளின் இலையிலும் தண்டிலும் உண்டு. தவழும் குழந்தையோ நாயோ கடித்தால் வாய் எரிந்து வீங்கும். சேனைக்குச் சமையலில் புளியும் கொதியும் இருக்கின்றன, இலைக்கு இல்லை. கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.

பாட்டில்காரர்களுக்கு இன்னொரு கடமை உண்டு. டெங்குவைப் பரப்பும் கொசு தெளிந்த, தேங்கிய நீரை ஒட்டி முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் ஃபிரிட்ஜின் பின்தட்டையும் மணிபிளான்ட் பாட்டிலையும் எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்ப வேண்டும். சுவரில் ஒட்டிய முட்டைகள் வெறுமனே கொட்டினால் போகாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே விதி.

திருடினால்தான் வளருமாம்

மணிபிளான்டை விலைக்கு வாங்கக் கூடாது, யார் வீட்டிலிருந்தாவது சொல்லாமல் ஒடித்து வந்தால்தான் பணம் சேரும் என்பார்கள். பணத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் செடி உலகம் முழுக்கப் பரவியது இப்படி ஒடிக்கும் கைகளால்தான். மணிபிளான்ட் பூத்து யாரும் பார்ப்பதில்லை. பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்ற வளர்ச்சிப்பொருளைச் செய்வதில் அதற்கு மரபணுக் குறை இருப்பதை 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தலைமையிலான குழு கண்டறிந்தது. வெளியிலிருந்து அந்தப் பொருளைக் கொடுத்தபோது செடி பூத்தது. பூ இல்லாததால் விதையும் இல்லை. வீடுகளில் நிற்பதெல்லாம் ஒரு சில கொடிகளின் துண்டுகளும் துண்டுகளின் துண்டுகளும்தான்.

ஒடிக்கும்போது கணுவோடு ஒடிக்க வேண்டும். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு சிறு புடைப்பு தெரியும். அதுதான் வேராகப் போவது. புதுத் தளிருக்கான மொட்டும் அங்கேதான் இருக்கிறது. கணு இல்லாத வெறும் இலையைத் தண்ணீரில் வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், சிலசமயம் வேர்கூட விடும், ஆனால் கொடியாகாது. ஸ்நேக் பிளான்டின் இலைத்துண்டிலிருந்து புதுச் செடி வரும், தலைகீழாக மட்டும் நடக் கூடாது. இசட்-இசட்டின் ஒரு சிற்றிலையை மண்ணில் செருகினாலும் வரும். முதலில் அடியில் ஒரு கிழங்கு உருவாகி, அதன் பிறகே தளிர் தலைகாட்டும் என்பதால் ஒரு வருடம்வரைகூட ஆகலாம். அதுவரை அந்தத் தொட்டிக்கும் தண்ணீரைக் குறைவாகவே ஊற்றுங்கள்.